மெண்டல்சோனின் 42ஆம் சங்கீதம்: இறுதிப் பாடல் ஏன் இவ்வளவு ஆரவாரமாக முடிகிறது?

கேள்வி
எழுதியவர்: கடைசிவரிசை ஆல்டோ

அனைவருக்கும் வணக்கம். நான் ஜெர்மனியில் வசிக்கிறேன். எங்கள் ஊர் லுத்தரன் ஆலயத்தின் பாடகர் குழுவில் மூன்று ஆண்டுகளாக ஆல்டோ, அதாவது தாழ்ந்த பெண்குரல், பாடி வருகிறேன். வரும் இலையுதிர்காலத்தில் 19ஆம் நூற்றாண்டு ஜெர்மன் இசையமைப்பாளர் ஃபெலிக்ஸ் மெண்டல்சோன் வேதாகமத்தின் 42ஆம் சங்கீதத்துக்கு அமைத்த ‘வீ டேர் ஹிர்ஷ் ஷ்ரைட்’ (மான் கதறுவதுபோல) என்னும் இசையை ஆர்கெஸ்ட்ராவுடன் பாடவிருக்கிறோம். அதன் ஓபஸ் எண்ணும், அதாவது இசையமைப்பாளரின் படைப்பு வரிசை எண்ணும், 42 என்பதால், முதலில் சங்கீத எண்ணைத்தான் இரண்டு முறை அச்சிட்டுவிட்டார்கள் என்று நினைத்தேன்.

முதல் பாடல் எனக்கு மிகவும் பிடித்துவிட்டது. சிறிய முன்னிசை முடிந்ததும், வழக்கமாக சொப்ரானோவுக்கு (உயர்ந்த பெண்குரலுக்கு) கிடைக்கும் அந்த முதல் வரி எங்கள் வரிசைக்குக் கிடைத்திருக்கிறது என்பதும் அதற்கு ஒரு காரணமாக இருக்கலாம். என் சந்தேகம் பின்பகுதியைப் பற்றியது. ஏழு பாடல்களில் நான்காவதும் ஏழாவதும் ‘வாஸ் பெட்ரூப்ஸ்ட் டு டிஹ், மைனே ஸேலே’ என்று ஒரே வசனத்தில்தான் தொடங்குகின்றன. தமிழ் வேதாகமத்தில் அது ‘என் ஆத்துமாவே, நீ ஏன் கலங்குகிறாய்? ஏன் எனக்குள் தியங்குகிறாய்?’ என்று இருக்கிறது. ஒரே வசனத்துக்கு எதற்காக இரண்டு பாடல்கள்?

அதைவிடப் பெரிய குழப்பம் ஏழாம் பாடலின் முடிவில் இருக்கிறது. ‘ப்ரைஸ் ஸை டெம் ஹெர்ன், டெம் கோட் இஸ்ராயெல்ஸ்’, அதாவது இஸ்ரவேலின் தேவனாகிய கர்த்தருக்கு இன்றுமுதல் என்றென்றைக்கும் துதி உண்டாவதாக என்ற வரியை நாங்கள் பக்கம் பக்கமாகப் பாடுகிறோம். 42ஆம் சங்கீதத்தை முழுவதும் படித்துப் பார்த்தேன். அந்த வரி அதில் இல்லை. சங்கீதக்காரன் கடைசி வசனத்திலும் காத்திருக்கும்படிதான் தன் ஆத்துமாவிடம் சொல்கிறானே தவிர, காத்திருந்தது கைகூடிவிட்டதாக அவன் எங்கும் சொல்லவில்லை. அப்படியிருக்க ட்ரோம்போன் என்னும் ஊதுகருவியும் டிம்பானி முரசும் முழங்க வெற்றிவிழாவைப் போல் முடிப்பது சங்கீதத்துக்கு உண்மையாக இருக்கிறதா? பாடும்போது மகிழ்ச்சியாகத்தான் இருக்கிறது. வீட்டுக்குத் திரும்பும் வழியில்தான் இந்த உறுத்தல் வருகிறது.


மறுமொழி 1
எழுதியவர்: பழைய இசைத்தாள்

அன்புச் சகோதரிக்கு வணக்கம். அந்த இரண்டு பாடல்களிலும் வசனம் ஒன்றேதான் என்று எழுதியிருக்கிறீர்கள். தொடக்கம் ஒன்றே, முடிவு ஒன்றல்ல. முதலில் அதைக் கவனியுங்கள்.

உங்கள் இசைத்தாளில் நான்காம் பாடலின் கடைசிச் சொற்களை எடுத்துப் பாருங்கள். ‘டாஸ் ஏர் மிர் ஹில்ஃப்ட் மிட் ஸைனெம் ஆங்கஸிஹ்ட்’ என்று இருக்கும். தம்முடைய முகத்தினால் அவர் எனக்கு உதவுகிறார் என்பது அதன் பொருள். ஏழாம் பாடலில் அதே இடத்தில் ‘டாஸ் ஏர் மைனஸ் ஆங்கஸிஹ்ட்ஸ் ஹில்ஃபே உண்ட் மைன் கோட் இஸ்ட்’ என்று வரும். அவர் என் முகத்துக்கு உதவியும் என் தேவனுமாக இருக்கிறார் என்பது பொருள். முதலில் அவருடைய முகம், பிறகு என்னுடைய முகம். முதலில் உதவி மட்டும், பிறகு ‘என் தேவன்’. இது மெண்டல்சோன் செய்த மாற்றமன்று. எபிரெய மூலத்திலேயே இந்த வேறுபாடு இருக்கிறது. வேதாகமத்தை ஜெர்மனில் மொழிபெயர்த்த லுத்தர் அதைக் காத்தார், நம் தமிழ் மொழிபெயர்ப்பாளர்களும் காத்தார்கள். தமிழ் வேதாகமத்தில் 5ஆம் வசனம் ‘அவர் சமுகத்து இரட்சிப்பினிமித்தம் நான் இன்னும் அவரைத் துதிப்பேன்’ என்று முடிகிறது. 11ஆம் வசனமோ ‘என் முகத்துக்கு இரட்சிப்பும் என் தேவனுமாயிருக்கிறவரை நான் இன்னும் துதிப்பேன்’ என்று முடிகிறது. (ஜெர்மன் வேதாகமத்தில் தேடும்போது ஓர் எண் கூட்டிக்கொள்ளுங்கள். கோராகின் புத்திரரைக் குறிப்பிடும் தலைப்பையே அவர்கள் முதல் வசனமாக எண்ணுவதால், நமது 5 அவர்களுக்கு 6 ஆகிறது.)

இந்த வேறுபாட்டை வைத்துத்தான் ஏழு பாடல்களும் கட்டப்பட்டிருக்கின்றன என்பது என் எண்ணம். தனிக்குரல் சொப்ரானோ புலம்புகிறாள்; பாடகர் குழு அவளுக்கு விடை சொல்கிறது. நான்காம் பாடலில் ஆண்குரல்களான டெனரும் (உயர்ந்தது) பாஸும் (தாழ்ந்தது) ஒரே மெட்டில் ஒன்றாக ‘நீ ஏன் கலங்குகிறாய்’ என்று கேட்க, பெண்குரல்கள் ‘ஹாரே ஔஃப் கோட்’, தேவனை நோக்கிக் காத்திரு, என்று மறுமொழி சொல்கின்றன. ஆனால் அந்த விடை அவளுக்குப் போதவில்லை. உடனே ஐந்தாம் பாடலில் அவள் மீண்டும் எழுந்து, உன் வெள்ளங்கள் இரைகின்றன, உன் அலைகள் எல்லாம் என்மேல் புரண்டுபோகின்றன என்கிறாள். தொடக்கத்தில் தண்ணீருக்குத் தவித்தவள் இங்கே தண்ணீரில் மூழ்கிக்கொண்டிருக்கிறாள். ஆகவே அதே வசனம் இரண்டாம் முறை வரும்போது, முதல் முறை சொன்னதைவிடக் கூடுதலாக ஏதேனும் சொல்லியாக வேண்டியிருக்கிறது. அந்தக் கூடுதலைத்தான் ‘என் தேவன்’ என்ற சொல் தருகிறது.

இனி உங்கள் பெரிய கேள்விக்கு வருகிறேன். அந்தத் துதிவரி 42ஆம் சங்கீதத்தில் இல்லை என்பது சரியே. ஆனால் வேதாகமத்தில் ஒரே ஒரு பக்கம் முன்னால் திருப்பினால் போதும். 41ஆம் சங்கீதத்தின் கடைசி வசனம் ‘இஸ்ரவேலின் தேவனாகிய கர்த்தர் என்றென்றைக்குமுள்ள சதாகாலங்களிலும் ஸ்தோத்திரிக்கப்படத்தக்கவர்’ என்று இருக்கிறது. லுத்தரின் ஜெர்மனில் அது ‘கெலோபெட் ஸை டேர் ஹெர், டேர் கோட் இஸ்ராயெல்ஸ், ஃபோன் நூன் ஆன் பிஸ் இன் ஏவிஹ்கைட்’. முதற்சொல்லான ‘கெலோபெட்’டுக்குப் பதிலாக ‘ப்ரைஸ்’ வந்திருக்கிறது. மற்றவை ஏறக்குறைய அப்படியே நீங்கள் பாடும் சொற்கள். சங்கீதப் புத்தகம் ஐந்து பகுதிகளாகப் பிரிந்திருப்பதும், 41ஆம் சங்கீதத்தோடு முதற்பகுதி முடிவதும், முதல் நான்கு பகுதிகளும் இவ்வாறான ஒரு துதிவாக்கியத்தால் மூடப்படுவதும் உங்களுக்குத் தெரிந்திருக்கலாம். சங்கீதத்தைத் துதியால் மூடும் வழக்கம் சங்கீதப் புத்தகத்துக்குள்ளேயே இருக்கிறது. வெளியிலிருந்து யாரும் கொண்டுவந்து ஒட்டியதன்று.

இதில் இன்னொன்றும் கவனிக்கத்தக்கது. ஆராதனையில் சங்கீதம் பாடினால், ‘பிதாவுக்கும் குமாரனுக்கும் பரிசுத்த ஆவிக்கும் மகிமை உண்டாவதாக’ என்று முடிப்பது திருச்சபை வழக்கம். பின்னாளில் பெர்லின் பேராலயத்துக்கு எழுதியபோது மெண்டல்சோனும் 2ஆம் சங்கீதத்தின் முடிவில் அந்த வாக்கியத்தைச் சேர்த்தார். இங்கே அதைச் சேர்க்கவில்லை, ‘இஸ்ரவேலின் தேவன்’ என்ற வாக்கியத்தைத் தேர்ந்துகொண்டார். அவருடைய தாத்தா மோசஸ் மெண்டல்சோன் யூத மெய்யியலாளர். 1783இல் சங்கீதங்களை ஜெர்மனில் மொழிபெயர்த்து வெளியிட்டவர். பேரன் 1816இல், ஏழு வயதில், ஞானஸ்நானம் பெற்றார். இந்த இசைக்கும் அவர் கையாண்டது லுத்தரின் சொற்களைத்தான், தாத்தாவின் சொற்களையல்ல. இதை வைத்துக்கொண்டு அவருடைய உள்ளத்தைத் துருவிப் பார்க்க நான் துணியமாட்டேன். இது ஆராதனைக்கு எழுதப்பட்டதன்று, கச்சேரி அரங்குக்கு எழுதப்பட்டது. ஆகவே திருச்சபை வாக்கியத்தைச் சேர்க்கும் கடமை அவருக்கு இருக்கவில்லை. என்றாலும் 1936இல், அவர் யூதராகப் பிறந்தவர் என்ற ஒரே காரணத்துக்காக, லைப்ஸிக் நகரில் கெவாண்ட்ஹவுஸ் என்னும் கச்சேரி அரங்கின் முன் நின்ற அவருடைய சிலை அகற்றப்பட்டது என்பதை நினைக்கும்போது, அந்த வரியைச் சற்று நிமிர்ந்து நின்றே பாடத் தோன்றுகிறது.

இந்தப் படைப்பு பிறந்த கதையையும் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். 1837 மார்ச்சு 28 அன்று அவருக்கும் செசில் ஷான்ரெனோவுக்கும் திருமணம் நடந்தது. தேனிலவுப் பயணத்தில் ஃப்ரைபுர்க் பக்கம் தங்கியிருந்தபோது இதை எழுதத் தொடங்கினார். 1838 ஜனவரி 1 அன்று, கெவாண்ட்ஹவுஸின் புத்தாண்டுக் கச்சேரியில் அவரே நடத்த, ஆங்கிலப் பாடகி கிளாரா நொவெல்லோ தனிக்குரல் பாட, முதன்முதலாக அரங்கேறியது. அதன்பின் திருத்தி, அந்த ஆண்டே அச்சிட்டார். இவ்வளவு ஏக்கத்தைப் புதுமாப்பிள்ளை ஒருவர் எழுதினார் என்பது எனக்கு இன்றும் புன்னகை வரவழைக்கும் செய்தி.


மறுமொழி 2
எழுதியவர்: மறுப்பாளர்

மேலே எழுதிய ஐயாவின் விளக்கம் சிறப்பானது; 41ஆம் சங்கீதத்தின் தொடர்பை இன்றுதான் அறிந்துகொண்டேன். ஆயினும் சகோதரியின் உறுத்தலை அவ்வளவு எளிதாகத் துடைத்துவிட வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன். வாக்கியம் எங்கிருந்து வந்தது என்பது ஒரு கேள்வி. அதை அவ்வளவு உரக்கப் பாடும் உரிமை எங்கிருந்து வந்தது என்பது வேறு கேள்வி.

இறுதிப் பாடல் எளிதாக வெற்றி பெறுவதற்குக் காரணம், அதற்கு முன் சில வசனங்கள் விடப்பட்டிருப்பதே என்று கருதுகிறேன். வேதாகமத்தையும் இசைத்தாளையும் அருகருகே வைத்துப் பாருங்கள். ‘யோர்தான் தேசத்திலும் எர்மோன் மலைகளிலும்’ என்ற இடக்குறிப்பு காணாமற்போயிருக்கிறது. அது போகட்டும், ஊர்பேர் இல்லாமல் போனால் பாடல் எல்லோருக்கும் பொதுவாகிறது என்று சமாதானம் சொல்லலாம். ஆனால் 10ஆம் வசனமும் இல்லை. ‘உன் தேவன் எங்கே’ என்று சத்துருக்கள் நிந்திப்பது ‘என் எலும்புகளை உருவக் குத்துகிறதுபோலிருக்கிறது’ என்று சங்கீதக்காரன் சொல்வது அங்கேதான். லுத்தர் அந்த இடத்தில் கொலை என்ற சொல்லையே போடுகிறார். இந்தச் சங்கீதம் முழுவதிலும் உடம்பில் குத்துகிற ஒரே வசனம் அது. அந்த நிந்தனை மூன்றாம் பாடலில் ஒரு முறை வந்துவிட்டதால் மறுபடியும் தேவையில்லை என்று இசையமைப்பாளர் கருதியிருக்கலாம். ஆனால் சங்கீதத்தில் அது இரண்டாம் முறை வரும்போதுதான் ஆழமாக இறங்குகிறது. அந்தக் குத்துக்குப் பிறகும் ‘காத்திரு’ என்று சொல்வதில்தான் 11ஆம் வசனத்தின் வலிமை இருக்கிறது.

ஆனாலும் மெண்டல்சோனை நான் குறைத்துப் பேசுவதாக நினைக்கக் கூடாது. உண்மையான முடிவு ஆறாம் பாடலில் இருக்கிறது என்பது என் கட்சி. அதைச் சற்று நெருங்கிக் கேட்க வேண்டும். இரண்டு டெனர், இரண்டு பாஸ் என நான்கு ஆண்குரல்கள் பி ஃப்ளாட் மேஜர் என்னும் சுரவரிசையில், கர்த்தர் பகற்காலத்திலே தமது கிருபையை வாக்களித்திருக்கிறார், இராக்காலத்திலே அவரைப் பாடுகிறேன் என்று மிக அமைதியாகப் பாடுகிறார்கள். மாலை ஜெபம் போன்ற இசை அது. அந்த அமைதியின் மேல் சொப்ரானோ வந்து, என் தேவனே, என் ஆத்துமா கலங்குகிறது, என்னை ஏன் மறந்தீர் என்கிறாள். அவர்கள் பாட்டை நிறுத்துவதில்லை; அவளும் நிறுத்துவதில்லை. இரண்டு வாக்கியங்களும் ஒரே நேரத்தில், ஒரே இசைக்குள், ஒன்றையொன்று மறுக்காமலும் ஏற்காமலும் ஒலிக்கின்றன. எழுத்தில் சங்கீதக்காரனால் ஒன்றன்பின் ஒன்றாகத்தான் சொல்ல முடிந்தது. 8ஆம் வசனத்தில் நம்பிக்கை, 9ஆம் வசனத்தில் புலம்பல். பல குரல்களை ஒருங்கே ஒலிக்கச் செய்யும் இசைக்கு மட்டுமே அவற்றை ஒரே மூச்சில் சொல்ல முடியும். மெண்டல்சோன் அந்த வசதியை முழுமையாகப் பயன்படுத்திக்கொண்ட இடம் அது. அதைக் கேட்டபின், குரல்கள் ஒன்றன்பின் ஒன்றாக ஒரே மெட்டோடு நுழையும் ஃபியூக் நடையில் வரும் துதி எனக்குச் சற்றுச் சத்தமாகவே படுகிறது.

அக்கால இசையமைப்பாளரும் விமரிசகருமான ராபர்ட் ஷூமான் இந்தப் படைப்பைக் கேட்டுவிட்டு, திருச்சபை இசையமைப்பாளராக மெண்டல்சோன் எட்டிய மிக உயர்ந்த படி இதுவே என்றும், அக்காலத் திருச்சபை இசையே எட்டிய உயரமும் இதுதான் என்றும் தம் பத்திரிகையில் எழுதினார். நான் ஷூமானுடன் ஆறாம் பாடல் வரை உடன்படுகிறேன்.

ஆர்வம் இருந்தால் 1844இல் அவர் எழுதிய 43ஆம் சங்கீதத்தையும் கேளுங்கள். ‘ரிஹ்டே மிஹ், கோட்’ என்று தொடங்குவது. ஓபஸ் 78இன் இரண்டாம் எண். பெர்லின் பேராலயத்தின் சிறுவரும் ஆடவரும் வாத்தியம் ஏதுமின்றி எட்டுக் குரல்வரிசையாகப் பாடுவதற்கென்று எழுதப்பட்டது. 42உம் 43உம் தொடக்கத்தில் ஒரே சங்கீதமாக இருந்தவை என்று அறிஞர் பலர் கருதுகிறார்கள். அதற்குச் சான்றாக ‘நீ ஏன் கலங்குகிறாய்’ என்ற அதே வசனம் 43இன் முடிவில் மூன்றாம் முறையாக வருகிறது. அங்கே ட்ரோம்போனும் இல்லை, சேர்த்த துதிவரியும் இல்லை. சோகச் சாயலுள்ள டி மைனரில் தொடங்கியது ஒளிமிகுந்த டி மேஜருக்கு வந்து, ‘என் தேவன்’ என்ற சொல்லோடு நின்றுவிடுகிறது. அதே மனிதர், அதே வசனம், ஏழு ஆண்டு இடைவெளி. எது சங்கீதத்துக்கு நெருக்கமானது என்று கேட்டால், நான் தயங்காமல் இரண்டாவதைத்தான் காட்டுவேன்.


மறுமொழி 3
எழுதியவர்: பாஸ் பாடுபவர்

இரண்டு தரப்பையும் படித்தேன். பாடகர்களுக்கு உதவும் சிறு குறிப்புகளை மட்டும் சேர்க்கிறேன்.

‘பெட்ரூப்ஸ்ட் டு டிஹ்’ என்ற சொற்கள் நம் நாக்குக்குக் கடினம். எழுத்தில் ‘ப்’ என்பதற்கு மெல்லொலி இருந்தாலும், அடுத்து ‘ஸ்ட்’ வருவதால் வல்லொலியாகவே ஒலிக்க வேண்டும். அந்த மூன்று மெய்களையும் சுரத்தின் கடைசித் துளியில் வைத்துவிட்டு உயிரெழுத்தை முடிந்தவரை நீட்ட வேண்டும். அந்த உயிரோ தமிழில் இல்லை. ‘ஈ’ சொல்லும் நிலையில் நாக்கை வைத்துக்கொண்டு உதடுகளை மட்டும் ‘ஊ’ சொல்வதுபோல் குவித்தால் வந்துவிடும். ‘ட்யூர்ஸ்டெட்’, அதாவது தாகமாயிருக்கிறது என்ற சொல்லிலும் அதே ஒலிதான், ஆனால் குறில்.

இன்னொன்று, முதல் பாடலில் வரும் ‘ஷ்ரைட்’ என்ற சொல்லைப் பற்றியது. ஜெர்மனில் அது வெறும் ஏக்கமன்று; கூச்சலிடுவது, அலறுவது. தமிழ் வேதாகமமும் ‘மானானது நீரோடைகளை வாஞ்சித்துக் கதறுவதுபோல’ என்கிறது. நம் வேதாகமத்துக்கு அடித்தளமிட்டவர்களில் ஒருவரான ஃபப்ரீஷியஸ் ஜெர்மானியர் என்பதால், இரண்டு வேதாகமங்களையும் சேர்த்துப் படிக்கும்போது அண்டை வீட்டுப் பேச்சைக் கேட்பது போலிருக்கிறது. ஆனால் மெண்டல்சோனின் எஃப் மேஜர் இசை கதறுவதேயில்லை; மெல்லிய அலைபோல் எழுந்து தாழ்கிறது. அதனால் பல குழுக்கள் அதைத் தாலாட்டாக்கிவிடுகின்றன. ‘ஷ்’ என்ற தொடக்க மெய்க்குச் சற்று வலுக் கொடுத்து, அந்தச் சொல்லை நோக்கி வரி வளரும்படி பாடினால், அழகு கெடாமல் கதறலும் கேட்கும். ஆல்டோதான் முதலில் நுழைவதால், அதை அமைப்பது உங்கள் பொறுப்பு.

இறுதிப் பாடலின் சத்தத்தைப் பற்றி ஒரு சொல். பழைய கெவாண்ட்ஹவுஸ் என்பது துணி வணிகர்களின் கட்டடம். பெயரின் பொருளும் துணிமாளிகை என்பதே. அதன் மேற்பகுதியில் 1781இல் அமைத்த இசையரங்கில் ஏறக்குறைய 500 பேர்தான் அமர முடியும். இன்று எதிரொலி மிகுந்த பெரிய ஆலயங்களில் நூறு பேர் நின்று பாடுவதைக் கேட்டுவிட்டு, முடிவு ஆரவாரமாக இருக்கிறது என்று இசையமைப்பாளரைக் குறை சொல்வது முழு நியாயமாகாது.


கேள்வி கேட்டவரின் பதில்
எழுதியவர்: கடைசிவரிசை ஆல்டோ

மூவருக்கும் நன்றி. நேற்றைய ஒத்திகைக்கு முன் இரண்டு முகங்களையும் பென்சிலால் கோடிட்டு வைத்துக்கொண்டேன். நான்காம் பாடலில் ‘ஸைனெம்’, ஏழாம் பாடலில் ‘மைனஸ்’. இவ்வளவு நாளும் இரண்டையும் ஒரே நினைப்பில்தான் பாடியிருக்கிறேன்; சில சமயம் சொற்களையே மாற்றிப் பாடியிருப்பேன் என்றும் இப்போது சந்தேகப்படுகிறேன்.

ஆறாம் பாடலில் எங்களுக்கு வேலை இல்லை. வழக்கமாக அந்த நேரத்தில் தண்ணீர் குடித்துவிட்டு இசைத்தாளின் அடுத்த பக்கத்தைத் திருப்பி வைத்துக்கொள்வோம். நேற்று மறுப்பாளர் ஐயாவின் பேச்சைக் கேட்டுச் சும்மா உட்கார்ந்து கவனித்தேன். ஆண்கள் நால்வரும் முடிவுக்கு வந்துவிட்டார்கள் என்று நினைக்கும்போதெல்லாம் அவள் இன்னொரு முறை ‘ஏன்’ என்று கேட்கிறாள். ஆனால் அதிலிருந்து நான் வந்தடைந்த முடிவு ஐயாவின் முடிவன்று. அவ்வளவு நேரம் அவள் தனியாகக் கேட்டதைக் கேட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்துவிட்டு, ஏழாம் பாடலுக்கு எல்லோரும் எழுந்து நின்றபோது, அந்தச் சத்தம் எனக்கு மிகையாகத் தெரியவில்லை. ஏழாம் பாடலில் சொப்ரானோவுக்குத் தனியாக ஒரு வரிகூட இல்லை என்பதையும் நேற்றுத்தான் பார்த்தேன். அவள் என்ன ஆனாள்?


மறுமொழி 4
எழுதியவர்: பழைய இசைத்தாள்

சகோதரி, அந்தக் கேள்வியை நான் கேட்டதேயில்லை. இசைத்தாளில் அவளுக்கு அதன்பின் எதுவும் எழுதப்படவில்லை என்பது உண்மை. 2, 3, 5, 6 என நான்கு பாடல்களில் புலம்பியவள், ஏழாம் பாடலில் மௌனமாகிறாள். நான் பாடிய ஒரு கச்சேரியில், தனிக்குரல் பாடிய அம்மையார் ஆறாம் பாடல் முடிந்ததும் தம் நாற்காலியில் அமராமல், நடத்துநரின் சம்மதத்துடன், இரண்டடி பின்னால் வந்து சொப்ரானோ வரிசையின் ஓரத்தில் நின்று எங்களோடு ‘ப்ரைஸ் ஸை டெம் ஹெர்ன்’ பாடினார். சபையில் பலர் அதைக் கவனித்திருக்கமாட்டார்கள். உங்கள் நடத்துநரிடம் கேட்டுப் பாருங்கள். நாற்காலியை இடம் மாற்ற வேண்டிய தேவைகூட இல்லை.